எதிரணி பாடும்போது

மறுவீட்டுக்குப் போகிற பஸ் அது. மதுரையில் திருமணம் முடிந்து நாகர்கோவிலுக்கு எல்லோரும் ஒரே வண்டியில் கிளம்பினோம். முன்பாதியில் பெண் வீட்டார், பின்பாதியில் மாப்பிள்ளை வீட்டார். யாரும் சொல்லாமலே அப்படி அமைந்துவிட்டது. விருதுநகர் தாண்டும்வரை ஒரே மரியாதை. "தண்ணீர் வேண்டுமா?", "இல்லை, நீங்கள் குடியுங்கள்." சாத்தூர் அருகே பெண்ணின் சித்தி ஒருவர் சன்னல் ஓரமாக ஏதோ ஒரு பழைய பாட்டை முணுமுணுக்க, பின்னாலிருந்து ஒரு குரல் அதே பாட்டின் சரணத்தை எடுத்துக் கொடுத்தது. அவ்வளவுதான். கோவில்பட்டிக்குள் நுழைவதற்குள் இரண்டு அணிகள் பிரிந்து, நடுவர் ஒருவர் நியமிக்கப்பட்டு, விதிகளைப் பற்றிய முதல் தகராறும் முடிந்திருந்தது. வள்ளியூர் வந்தபோது மாப்பிள்ளையின் பெரியப்பா பெண் வீட்டாருக்கு ரகசியமாக ஒரு பாட்டின் முதலடியைச் சொல்லிக்கொடுத்துப் பிடிபட்டார். "பெரியப்பா கட்சி மாறிவிட்டார்" என்று பஸ்ஸே கத்தியது. ஆரல்வாய்மொழி மலைக்கணவாயைக் கடக்கும்போது யார் எந்த வீட்டார் என்று இருக்கையை வைத்துச் சொல்ல முடியவில்லை.

அந்தப் பயணத்தில் எந்த அணி வென்றது என்பது எனக்கு நினைவில்லை. அங்கே இருந்த வேறு யாருக்கும் நினைவிருக்கும் என்று தோன்றவில்லை. ஆனால் போட்டி என்று ஒன்று நடந்திருக்காவிட்டால் அந்த நெருக்கம் வந்திருக்காது. எல்லோரும் சேர்ந்து ஒரு பாட்டைப் பாடுவோம் என்று யாராவது சொல்லியிருந்தால் பாதிப்பேர் கூச்சப்பட்டு வாயசைத்திருப்பார்கள். எதிர்த்துப் பாடச் சொன்னதும் எழுபது வயதுக்காரர்கூட இருக்கையின் விளிம்புக்கு வந்துவிட்டார். ஓட்டப் பந்தயத்திலும் சீட்டாட்டத்திலும் எதிராளியிடமிருந்து மனம் சற்று விலகத்தான் செய்கிறது. பாட்டில் மட்டும் இது ஏன் தலைகீழாக நடக்கிறது என்பதை எனக்குத் தெரிந்த அளவில் விளக்கிப் பார்க்கவே இந்தக் கட்டுரை.

இதையே கேள்வியாக எடுத்துக்கொண்ட ஓர் ஆய்வு இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஐலுனெட் பியர்ஸ், ராபின் டன்பார் ஆகியோரும் அவர்களுடைய கூட்டாளிகளும் செய்த அந்த ஆய்வு 2016ஆம் ஆண்டு வெளியானது. பல்கலைக்கழக மாணவர் சங்கம் ஒன்றின் உறுப்பினர்களை நால்வர் நால்வராக அணி பிரித்தார்கள். அந்தச் சங்கத்துக்குள் ஏற்கெனவே சிறுசிறு நண்பர் வட்டங்கள் இருந்தன. சில நேரம் ஒரே வட்டத்தைச் சேர்ந்த இரண்டு அணிகள் சந்தித்தன. சில நேரம் வெவ்வேறு வட்டங்களைச் சேர்ந்தவை. சிலரை இன்னோர் அணியுடன் சேர்ந்து பாடச் சொன்னார்கள், சிலரை இன்னோர் அணியை எதிர்த்துப் பாடச் சொன்னார்கள். பாடுவதற்கு முன்னும் பின்னும் ஒவ்வோர் அணியுடனும் எவ்வளவு நெருக்கமாக உணர்கிறார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்கள்.

எதிரே நின்றது வேறு வட்டத்து அணி என்றால், பாடிய பின் அதனுடனான நெருக்கம் கூடியது. சேர்ந்து பாடினார்களா, போட்டியிட்டுப் பாடினார்களா என்பது அதில் ஒரு வேறுபாட்டையும் உண்டாக்கவில்லை. இரண்டிலும் எதிரே இருந்தவர்கள் நெருங்கி வந்தார்கள். ஒரே வட்டத்தைச் சேர்ந்த அணிகள் போட்டியிட்டுப் பாடியபோது மட்டும் நெருக்கம் குறைந்தது. வெவ்வேறு வட்டங்களுக்கு இடையிலோ, பாடுவதற்கு முன் "நம் ஆட்கள்", "அவர்கள் ஆட்கள்" என்று இருந்த இடைவெளி பாடிய பின் குறைந்தது. இதைப் படித்தபோது சாத்தூருக்கும் வள்ளியூருக்கும் இடையில் எங்கள் பஸ்ஸில் நடந்ததை யாரோ அளந்து வைத்தது போலிருந்தது.

நம் ஊரில் திருமணத்தையும் பாட்டுச் சண்டையையும் இணைத்துவைத்தவர்கள் இதை அறிந்தே செய்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். நலங்கின்போது சம்பந்தி வீட்டாரைக் கேலி செய்து பாடும் வழக்கம் பல சமூகங்களில் இருந்தது. சில வீடுகளில் இன்றும் இருக்கிறது. மாப்பிள்ளையின் மூக்கையும் மாமியாரின் சமையலையும் பாட்டில் வைத்து இழுப்பார்கள். பதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் வரும். வெறும் பேச்சில் சொன்னால் பல தலைமுறைப் பகையாகிவிடக்கூடிய வாக்கியங்கள் அவை. மெட்டுக்குள் வந்ததும் சிரிப்பாகிவிடுகின்றன. 'ஏசல்' என்றே ஒரு சிற்றிலக்கிய வகை தமிழில் உண்டு. வள்ளியும் தெய்வானையும் ஒருவரையொருவர் பாட்டிலேயே ஏசிக்கொள்வதைக் கேட்க மக்கள் கூடியிருக்கிறார்கள்.

பஸ்ஸில் நாங்கள் விளையாடியது பாட்டுக்குப் பாட்டு. ஒருவர் முடித்த இடத்திலிருந்து அடுத்தவர் தொடங்க வேண்டும். வடக்கே இதற்கு அந்தாக்ஷரி என்று பெயர். அந்தியம் என்றால் இறுதி, அட்சரம் என்றால் எழுத்து. தமிழ் நேயர்களிடையே இதைப் பெரிதாகக் கொண்டு சேர்த்தவர் பி.எச். அப்துல் ஹமீது. இலங்கை வானொலியில் தொடங்கிப் பின்னர் தமிழகத் தொலைக்காட்சி வரை அவருடைய துல்லியமான உச்சரிப்புடன் அந்த நிகழ்ச்சி பயணித்தது. ஓர் எழுத்தைச் சொல்லிவிட்டு அவர் காத்திருக்கும் அந்தச் சில நொடிகளில் தொலைக்காட்சிக்கு இப்பால் இருந்த வீடுகளிலும் எல்லோரும் பாட்டைத் தேடிக்கொண்டிருப்பார்கள். அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடிவந்து பாட்டைச் சொன்னவர்கள் உண்டு.

ஆனால் கடைசி எழுத்தில் தொடங்கும் விதியைத் தமிழில் அப்படியே வைத்துக்கொண்டு விளையாட முடியாது. காரணம் நம் மொழியின் அமைப்பிலேயே இருக்கிறது. கொஞ்சம் நின்று பார்க்கத் தகுந்தது. தமிழ்ச் சொல் எந்த எழுத்தில் தொடங்கலாம், எந்த எழுத்தில் முடியலாம் என்பதற்கு இலக்கணத்தில் கட்டுப்பாடு உண்டு. உயிரெழுத்து பன்னிரண்டும், க, ச, த, ந, ப, ம, வ, ய, ஞ, ங என்ற பத்து வரிசைகளும் சொல்லுக்கு முதலில் வரும் என்கிறது நன்னூல். அதில் ங வரிசை இன்று பெயருக்குத்தான். மெய்யெழுத்தில் முடியும் சொற்களின் இறுதியிலோ இன்றைய தமிழில் பெரும்பாலும் ண், ம், ன், ய், ர், ல், ழ், ள் ஆகியவையே நிற்கின்றன. இந்த எட்டில் ம, ய இரண்டு மட்டும்தான் சொல்லுக்கு முதலிலும் வரக்கூடியவை. மீதி ஆறும் முட்டுச்சந்து.

காதலைப் பாடும் பாட்டு எதில் முடியும்? கண், பெண், தேன், நான், அவள், நிழல். அவன் வந்தான், அவள் போனாள், அவர் சொன்னார். ஒவ்வொன்றும் எதிரணியைச் சுவரில் கொண்டுபோய் நிறுத்துகிற எழுத்து. அதனால்தான் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சட்டப்புத்தகம் உருவாகிறது. ன வந்தால் ந வைத்துப் பாடலாம். ண வந்தாலும் அதே. ள, ழ இரண்டுக்கும் ல என்று வைத்துக்கொள்ளலாம். அந்த ல-வும் வறண்ட கிணறுதான், தாலாட்டின் 'லாலி' வந்து காப்பாற்றினால் உண்டு. ர-வுக்கு ராஜா, ராணி, ரோஜா, ராமன் என்று வடமொழியும் பிறமொழியும் தந்த சொற்கள் கைகொடுக்கும். இந்தச் சிக்கலே வேண்டாம் என்று நினைக்கும் வீடுகளில் கடைசிச் சொல்லின் முதல் எழுத்தை எடுத்துக்கொள்வார்கள். எங்கள் பஸ்ஸில் இந்த இரண்டு முறைகளுக்கும் இடையில்தான் முதல் தகராறு வந்தது. பெண் வீட்டில் ஒரு வழக்கம், மாப்பிள்ளை வீட்டில் வேறு வழக்கம். கால் மணி நேரம் வாதாடி ஒரு பொது விதிக்கு வந்தார்கள். இரண்டு குடும்பங்களும் கூடி எடுத்த முதல் முடிவு அதுவாகத்தான் இருக்கும்.

நம் புலவர்களுக்கும் இந்த முட்டுச்சந்து தெரிந்திருந்தது. முடிவில் தொடங்கும் அந்தாதியை அவர்கள் எழுத்தோடு நிறுத்தவில்லை. அசையையும் சீரையும் சொல்லையும் எடுத்துக்கொண்டு தாண்டினார்கள். பதிற்றுப்பத்தின் நான்காம் பத்திலேயே அந்தாதி இருக்கிறது. காரைக்கால் அம்மையார் அற்புதத் திருவந்தாதி பாடினார். நம்மாழ்வாரின் திருவாய்மொழி ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாசுரங்களையும் ஒரே சங்கிலியாகக் கோத்து, 'உயர்வற' என்று தொடங்கி 'உயர்ந்தே' என்று முடிகிறது. 'உதிக்கின்ற' என்று தொடங்கும் அபிராமி அந்தாதியின் நூறாவது பாட்டு 'உதிக்கின்றவே' என்று வந்து சேர்கிறது. மனப்பாடம் செய்ய உதவும் உத்தி என்று இதைச் சொல்வார்கள். இதில் இன்னொன்றும் இருக்கிறது. அந்தாதியில் அடுத்த பாட்டைத் தொடங்க வேண்டுமென்றால் முந்தைய பாட்டின் கடைசிச் சொல்லை விடாமல் கேட்டிருக்க வேண்டும். பாட்டுக்குப் பாட்டிலும் அப்படித்தான். எதிரணி பாடும்போது நீங்கள் அசட்டையாக இருக்க முடியாது. அவர்களுடைய பாட்டின் வாலைப் பிடித்துத்தான் உங்கள் பாட்டு எழ வேண்டும். அவ்வளவு கவனமாக நாம் நம் உறவினர் பேசுவதைக்கூடக் கேட்பதில்லை.

இந்தக் கேட்டலையே முழுநேரக் கலையாக்கியது தஞ்சை வட்டாரத்தின் லாவணி. 1676 முதல் 1855 வரை தஞ்சையை ஆண்ட மராட்டியர் வழியாக வந்த வடிவம் இது. மராட்டியத்திலும் கல்கி, துர்ரா என்று இரண்டு கட்சிகள் சக்தியா, சிவமா என்று பாட்டில் மோதிக்கொள்ளும் மரபு உண்டு. தமிழுக்கு வந்ததும் அது காமன் பண்டிகையோடு சேர்ந்துகொண்டது. மாசி மாதத்தில் சிவன் காமனை எரித்த கதையை நடத்தி, பௌர்ணமியன்று எரிப்பார்கள். அந்த இரவுகளில் எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று இரண்டு தரப்பார் எதிரெதிரே உட்கார்ந்து, டேப் என்ற தோல் கருவியைத் தட்டிக்கொண்டு கேள்வியும் பதிலுமாகப் பாடுவார்கள். காமன் எரிந்தான் என்று ஒரு கட்சி. எரியவே இல்லை என்று மறு கட்சி.

அந்தத் தலைப்பைத் தேர்ந்தவர்களின் நுட்பத்தை எண்ணி நான் பலமுறை வியந்திருக்கிறேன். மயிலாடுதுறைக்கு அருகிலுள்ள திருக்குறுக்கையில் காமனை எரித்ததாகவே தலவரலாறு. சிவன் வீரச்செயல் புரிந்ததாகச் சொல்லப்படும் எட்டுத் தலங்களான அட்ட வீரட்டானங்களில் அது ஒன்று. ஆகவே எரிந்த கட்சிக்குச் சாட்சி உண்டு. ஆனால் ரதி அழுது கேட்டபோது அவள் கண்ணுக்கு மட்டும் தெரியும்படி சிவனே அவனை மீட்டுத் தந்தார் என்றும் புராணம் சொல்கிறது. அப்படியானால் எரியவில்லை என்பவனுக்கும் பிடிமானம் உண்டு. எரிந்திருந்தால் உலகில் உயிர்கள் பெருகுவது எப்படி என்று அவன் மேலும் கேட்கலாம். இரண்டு தரப்பும் தோற்க முடியாத தலைப்பு. அதனால் விடியும்வரை பாடலாம், அடுத்த ஆண்டும் பாடலாம். அரசியல் கட்டுரைகளில் முடிவற்ற சச்சரவை 'லாவணி' என்று இகழ்ச்சியாக எழுதுகிறார்கள். அந்தச் சொல்லுக்கு அப்படியொரு பொருள் வந்தது எனக்கு வருத்தம் தருகிறது. லாவணி பாடுகிறவர் எதிரணியின் கேள்வியை முழுவதுமாகக் கேட்டு, அதே சந்தத்தில், அதே இடத்திலேயே விடை கட்டியாக வேண்டும். சச்சரவு செய்கிறவர்கள் அதைச் செய்வதில்லை.

இதுவரை சொன்னது நண்பர்களும் கட்சிகளும் பாடுவதைப் பற்றி. பாடகர் குழுக்களின் போட்டி வேறு மாதிரியானது. அங்கே எதிரணிக்குப் பதில் சொல்வதில்லை. ஒவ்வொரு குழுவும் தனித்தனியே மேடையேறும். திருச்சபைப் பாடகர் குழு ஒன்றில் நான் பல ஆண்டுகள் பேஸ் என்ற தாழ்ந்த ஆண்குரலில் நின்றிருக்கிறேன். போட்டியென்றால் பொதுவாக ஒரு கட்டாயப் பாடல், ஒரு விருப்பப் பாடல். கட்டாயப் பாடல் எல்லாக் குழுக்களுக்கும் ஒன்றே. பாமாலையோ, தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் காலத்திலிருந்து வருகிற கீர்த்தனை மரபில் ஒன்றோ, எதுவாக இருந்தாலும் இரண்டு மாதம் அதே பாட்டைப் பயிற்சி செய்வோம். பெண்களின் உச்சக் குரலான சோப்ரானோ தனியாக, தாழ்ந்த குரலான ஆல்ட்டோ தனியாக, ஆண்களின் டெனரும் பேஸும் தனியாக. கடைசியில் நால்வகைக் குரலும் சேரும் நாளில் நாங்கள் பயின்ற பாட்டா இது என்று சந்தேகம் வரும்.

இசைக்கருவி இல்லாமல் பாடும் குழுவுக்கு இரண்டு பகைவர்கள். முதலாவது சுருதி இறக்கம். நாற்பது பேரும் சரியாகத்தான் பாடுகிறோம் என்று நினைத்துக்கொண்டிருப்போம். ஒவ்வோர் அடியிலும் ஒரு மயிரிழை கீழே வந்து, முடிவில் அரைச்சுரம் இறங்கியிருக்கும். பயிற்சியின்போது எங்கள் நடத்துநர் பாட்டு முடிந்ததும் ஒன்றும் பேசாமல் ஆர்மோனியத்தில் தொடக்கச் சுரத்தை ஒரு விரலால் அழுத்துவார். அந்த ஒரு சுரம் எங்களுக்குக் கிடைக்கும் தண்டனை. இரண்டாவது பகை மூச்சு. நீளமான அடியில் எல்லோரும் ஒரே இடத்தில் மூச்சு எடுத்தால் பாட்டில் ஓட்டை விழும். அதனால் பக்கத்தில் நிற்பவர் எடுக்கும் இடத்தில் நான் எடுக்கக் கூடாது. இதைப் பேசி வைத்துக்கொள்ளலாம், ஆனால் மேடையில் பேச்சு உதவாது. பக்கத்துத் தோள் உயர்வதை ஓரக்கண்ணால் பார்த்து நாம் தள்ளிப்போட வேண்டும்.

இவ்வளவும் உடம்பில் ஏறிய பிறகு போட்டி நாளன்று பக்கவாட்டில் வரிசையில் நின்றுகொண்டு, எங்களுக்கு முந்தைய குழு அதே கட்டாயப் பாடலைப் பாடுவதைக் கேட்போம். அதைத்தான் நான் இந்தக் கட்டுரையில் எல்லாவற்றையும்விட முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன். அவர்கள் தோற்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் நிற்கிறோம். ஆனால் அந்த நீளமான அடி நெருங்கும்போது நம் விலா எலும்பு தானாக விரிகிறது. அவர்கள் மூச்சு எடுக்கும் இடத்தில் நமக்கும் மூச்சு இழுக்கிறது. உச்சச் சுரத்தை அவர்களுடைய சோப்ரானோ தொடும்போது எங்கள் சோப்ரானோக்களின் புருவங்கள் மேலே போவதை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் அந்தச் சுரத்தைப் பிடித்துவிட்டால் எங்கள் வரிசையில் ஒரு பெருமூச்சு எழும். அது பொறாமையா நிம்மதியா என்று கேட்டால் இரண்டும்தான். ஒலி அவர்களுடையதாக இருந்தாலும் அந்தப் பாட்டை நாங்களும் உள்ளே பாடிக்கொண்டிருந்தோம்.

இதற்கு உடல்வழி விளக்கமும் இருக்கிறது. மூச்சை இழுக்கும்போது இதயத் துடிப்பு சற்று விரைவாகும். விடும்போது சற்றுத் தணியும். பாட்டு என்பது நீண்ட மூச்சுவிடல்களின் ஒழுங்கான வரிசை. சுவீடனின் கோத்தன்பர்க் நகரில் பியோர்ன் விக்ஹாஃப் தலைமையில் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், பதினெட்டு வயது மாணவர்கள் சேர்ந்து பாடும்போது அவர்களுடைய இதயத் துடிப்பின் ஏற்ற இறக்கங்கள் ஒன்றாக இசைந்து போவதைப் பதிவு செய்தார்கள். லண்டனில் இன்னோர் ஆய்வு. சிறு குழுக்களாகப் பாடிவந்தவர்களை 232 பேர் கொண்ட ஒரே பெருங்குழுவாகச் சேர்த்துப் பாட வைத்தபோதும், பெரும்பாலும் ஒருவரையொருவர் அறியாத அந்தக் கூட்டத்தில் நெருக்க உணர்வு கூடியது. வலியைத் தாங்கும் திறனும் கூடியது. வலியைத் தணிக்கும் எண்டார்ஃபின் என்ற பொருள் உடலுக்குள் சுரப்பதன் அடையாளமாக இதை ஆய்வாளர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். போட்டி மேடையின் ஓரத்தில் வாய்மூடி நிற்பவர்களை வைத்து இந்த ஆய்வுகள் நடக்கவில்லை. ஆனால் மூச்சுதான் கயிறு என்றால், எதிரணியும் அதே கயிற்றில் கட்டப்பட்டிருக்கிறது என்பதை அங்கே நின்றவர்கள் அறிவார்கள்.

ஆனாலும் மதிப்பெண் என்று ஒன்று வந்தவுடன் கசப்பும் வரத்தான் செய்யும். ஓர் ஆண்டு நடுவர்களில் ஒருவர் முதல் பரிசு வாங்கிய குழுவின் நடத்துநருக்கு உறவினர் என்று முடிவு அறிவித்த பிறகு தெரியவந்தது. அந்தக் குழு நன்றாகவே பாடியிருந்தது, நியாயமாகவே வென்றிருக்கலாம். ஆனாலும் அடுத்த இரண்டு ஆண்டுகள் எங்களில் பலர் போட்டிக்கு வர மறுத்துவிட்டார்கள். பாடியதால் வந்த நெருக்கத்தை ஒரு தாள் அழித்துவிட்டது.

இந்தச் சிக்கலுக்குத் தென்னாப்பிரிக்காவின் ஜூலு தொழிலாளர்கள் கண்ட தீர்வு எனக்கு மிகவும் பிடிக்கும். 1860 முதல் நம் மக்கள் கரும்புத் தோட்டங்களுக்காகக் கப்பலில் போய் இறங்கிய அதே டர்பன் நகரம். அங்கேயும் ஜோகன்னஸ்பர்க்கிலும் ஆலைகளிலும் சுரங்கங்களிலும் வேலை செய்ய, குடும்பத்தைக் கிராமத்தில் விட்டுவிட்டு வந்த ஆண்கள் விடுதிகளில் அடைந்து கிடந்தார்கள். அவர்கள் உருவாக்கிய கருவியற்ற குழுப்பாட்டு வடிவம் இசிகத்தாமியா. பூனைபோல் மெல்ல அடியெடுத்து வைப்பதைக் குறிக்கும் ஜூலுச் சொல்லிலிருந்து வந்த பெயர். அதற்கு முந்தைய வடிவத்தின் பெயர் இம்பூபே, சிங்கம். அதில் குரல் ஓங்கி ஒலிக்கும். பின்னர் குரலும் அடியும் மென்மையாயின. பேஸ் குரல்கள் பல சேர்ந்து தரையைப் போலப் பரவி நிற்க, மேலே ஓரிரு குரல்கள் நடந்து போகும்.

போட்டி சனிக்கிழமை இரவு தொடங்கி ஞாயிறு விடியும்வரை நடக்கும். ஒவ்வொரு குழுவும் நுழைவுக் கட்டணம் செலுத்தும். திரளும் பணமே பரிசு. ஒரு காலத்தில் ஆடும் மாடும் பரிசாக இருந்தன. வாரமெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கில் உழைத்தவர்கள் ஒரே நிறக் கோட்டும் கையுறையும் பளபளக்கும் காலணியுமாக வரிசையில் வருவார்கள். நடுவர்? எந்தக் குழுவுக்கும் வேண்டியவராக இருக்கக் கூடாது. யாருடைய ஊரும் தெரிந்திருக்கக் கூடாது. முடிந்தால் மொழியே தெரியாதவராக இருப்பது நல்லது. அதனால் வெளியிலிருந்து முன்பின் தெரியாத ஒருவரை, பெரும்பாலும் வெள்ளையரை, அழைத்து வந்து உட்கார வைப்பது வழக்கமாக இருந்தது. நிறவெறி ஆட்சியின் காலத்தில் இதற்கு வேறு பொருள்களும் இருந்தன, அவற்றை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பாட்டின் நுணுக்கம் ஒன்றும் அறியாத ஒருவர் தரும் தீர்ப்பை எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள் என்பதை யோசித்துப் பாருங்கள். நுணுக்கம் அறிந்தவர்கள் அந்த அறையிலேயே இருந்தார்கள்: எதிரணிகள். உண்மையான மதிப்பீடு அவர்களிடமிருந்து ஏற்கெனவே கிடைத்துவிடும்.

லேடிஸ்மித் பிளாக் மம்பாசோ என்ற குழு இந்த இரவுகளில் வளர்ந்ததுதான். லேடிஸ்மித் அதன் தலைவர் ஜோசப் ஷபலாலாவின் ஊர். பிளாக் என்பது ஏரில் பூட்டும் வலிமை மிக்க கறுப்புக் காளைகளைக் குறிப்பது. மம்பாசோ என்றால் கோடரி, எதிர்க் குழுக்களை வெட்டிச் சாய்ப்பது. பெயரிலேயே போட்டி இருக்கிறது. அவர்கள் விடாமல் வென்றுகொண்டே இருந்ததால், இனிமேல் பாட வரலாம், போட்டியில் கலந்துகொள்ளக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். 1986இல் அமெரிக்கப் பாடகர் பால் சைமனின் இசைத்தொகுப்பு ஒன்றில் பாடி உலகம் முழுவதும் அறியப்பட்ட பிறகு அவர்களுக்கு வந்த விருதுகள் பல. அவற்றில் எதுவும் அந்தத் தடையளவு பெரிய பாராட்டு என்று எனக்குத் தோன்றவில்லை. வெட்டிச் சாய்க்கப்பட்டவர்களே விரும்பிக் கேட்க அழைத்தார்கள்.

எதிரணி இல்லாமல் கிடைக்கும் வெற்றி எப்படியிருக்கும் என்பதற்கு வேல்ஸ் நாட்டில் ஒரு கதை இருக்கிறது. 1872இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் பெரும் பாடகர் குழுப் போட்டி ஒன்று அறிவித்தார்கள். கரடாக் என்று அழைக்கப்பட்ட கொல்லர் ஒருவர், தென் வேல்ஸின் சுரங்கத் தொழிலாளரும் இரும்பாலைத் தொழிலாளரும் அவர்கள் வீட்டுப் பெண்களுமாக நானூறுக்கும் மேற்பட்டவர்களைத் திரட்டிக்கொண்டு போனார். எதிர்த்துப் பாட யாரும் வரவில்லை. கோப்பை கிடைத்தது. அடுத்த ஆண்டும் போனார்கள். இந்த முறை லண்டனிலிருந்து ஒரு குழு எதிர்த்து நின்றது, அதையும் வென்றார்கள். அபெர்டேர் நகரின் நடுவே அவருக்குச் சிலை இருக்கிறது, கையில் நடத்துநர் கோலுடன்.

அதே வேல்ஸில் லாங்கோலன் என்ற சிற்றூரில் 1947ஆம் ஆண்டு முதல் உலக நாடுகளின் பாடகர் குழுக்கள் போட்டியிடும் விழா நடந்துவருகிறது. உலகப் போர் முடிந்த கையோடு, பகைத்துக்கொண்ட நாடுகளைப் பாட்டால் சேர்த்துவைக்கத் தொடங்கிய விழா அது. 1949இல் ஜெர்மனியின் லூபெக் நகரத்திலிருந்து ஒரு குழு வந்தது. குண்டுவீச்சில் உறவினரை இழந்தவர்கள் அரங்கில் உட்கார்ந்திருந்த காலம். எப்படி வரவேற்பார்களோ என்று அஞ்சிக்கொண்டு மேடையேறியவர்களை, ஜெர்மனியிலிருந்து வந்திருக்கும் நம் நண்பர்கள் என்று அறிவிப்பாளர் அறிமுகப்படுத்தினார். அரங்கம் கைதட்டி ஏற்றுக்கொண்டது. 1955இல் இத்தாலியின் மொதெனா நகரத்துக் குழு அங்கே முதல் பரிசு பெற்றது. அதில் ரொட்டிக்கடைக்காரர் ஒருவரும் பத்தொன்பது வயதான அவருடைய மகனும் டெனர் வரிசையில் நின்றார்கள். அந்த மகன்தான் பின்னாளில் உலகப் புகழ்பெற்ற ஓபெராப் பாடகரான லூச்சியானோ பவரோட்டி. பாட்டையே வாழ்க்கையாகக் கொள்ளலாம் என்ற நம்பிக்கை தனக்கு அங்கேதான் பிறந்தது என்று பிற்காலத்தில் அவர் சொல்லியிருக்கிறார். ஒரு குழுவின் வரிசையில் ஒருவராக நின்று வென்றபோது பிறந்த நம்பிக்கை அது.

இன்றைய தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிகளில் திறமைக்குக் குறைவில்லை. பத்து வயதுக் குழந்தைகள் பாடுவதைக் கேட்டு நானும் கண்கலங்கியிருக்கிறேன். ஆனால் அங்கே வாரம் ஒருவர் வெளியேற்றப்படுகிறார். ஒருவர் வெளியேறினால்தான் இன்னொருவர் நிலைக்க முடியும். எதிராளி பாடும்போது குழந்தையின் முகத்தைக் கேமரா நெருங்குகிறது. அந்த முகம் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. தன்னை எல்லோரும் பார்ப்பதை அது அறியும். குழுவாக வரும் சுற்றுகளில் அதே குழந்தைகள் எவ்வளவு தளர்வாகப் பாடுகிறார்கள் என்பதைக் கவனித்துப் பாருங்கள். பள்ளிகளும் சங்கங்களும் போட்டி வைக்கும்போது தனிப்பாட்டுக்கு நிகராகக் குழுப்பாட்டுக்கும் நேரம் ஒதுக்க வேண்டும் என்பதும், எல்லாக் குழுக்களுக்கும் ஒரு கட்டாயப் பாடலாவது இருக்க வேண்டும் என்பதும் என் உறுதியான கருத்து. வெவ்வேறு பாட்டைப் பாடினால் எதிரணியின் மூச்சு நமக்குத் தெரியாது.

எங்கள் வட்டாரப் போட்டியில் ஒரு நல்ல வழக்கம் வைத்திருந்தார்கள். எல்லாக் குழுக்களும் பாடி முடித்து, நடுவர்கள் மதிப்பெண்களைக் கூட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் எல்லோரும் மேடையைச் சுற்றி நின்று ஒரு பாமாலையைச் சேர்ந்து பாட வேண்டும். குழு குழுவாக நிற்கக் கூடாது, குரல் குரலாக நிற்க வேண்டும். எல்லா ஊர்ப் பேஸ்களும் ஓர் ஓரத்தில் குவிந்தோம். புத்தகங்கள் போதவில்லை. எங்களுக்கு முன்னால் பாடிய குழுவைச் சேர்ந்த ஓர் இளைஞர் என் புத்தகத்துக்குள் எட்டிப் பார்த்தபடி நின்றார். பாட்டு தொடங்க இன்னும் சில நொடிகள் இருந்தன. அவர் கட்டாயப் பாடல் இருந்த பக்கத்தைப் புரட்டி, "அண்ணாச்சி, இந்த நீளமான அடியில் நீங்கள் எங்கே மூச்சு எடுத்தீர்கள்? எங்களுக்கு அங்கேதான் போய்விட்டது" என்று மெல்லக் கேட்டார். நான் பென்சிலால் போட்டுவைத்திருந்த சிறு கோட்டைக் காட்டினேன். அவர் தன் பையிலிருந்து பென்சிலை எடுத்து உள்ளங்கையில் குறித்துக்கொண்டார்.